முடிச்சுக்குள் இருப்பது யார்? மா இலை முடிச்சு ஈக்களை வகைப்படுத்த ஒரு முழு வழிகாட்டி

கொப்புளம் கொப்புளமாக இருக்கும் மா இலையை நீட்டி "இது என்ன பூச்சி?" என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது மூன்று கேள்வி. எந்த மரம்? எந்தத் தேதியில் பறித்தது? உள்ளே அறுத்துப் பார்த்தாயா? பெரும்பாலும் மூன்றாவது கேள்விக்கு மௌனம்தான் பதில்.

முடிச்சு ஈக்கள் செசிடோமையிடே குடும்பத்தைச் சேர்ந்தவை. பார்க்கக் கொசு மாதிரி இருக்கும், அளவில் கொசுவில் பாதிகூடத் தேறாது. தாய் ஈ இளந்தளிரில் முட்டையிடும். புழு உறிஞ்சத் தொடங்கியதும் செடியே அதைச் சுற்றிச் சதை வளர்த்துவிடும். அந்தச் சதைதான் முடிச்சு.

மேல்நாட்டு வழிகாட்டிகள் வில்லோ மரத்திலிருந்து தொடங்கும். அந்த இனத்து மரம் நமக்கும் உண்டு, ஆற்றுப்பாலை என்று பெயர். ஆனால் அது மலை ஓடைக்கரை மரம், பழனி மலைப்பக்கம் ஏற வேண்டும். மதுரையில் இருப்பவருக்கு அழகர்கோயில், நத்தம் சாலை மாந்தோப்புகளே போதும். முறை இரண்டுக்கும் ஒன்றுதான். மாவை வைத்தே சொல்கிறேன், தேவைப்படும் இடத்தில் மல்லி, நெல், எள் பக்கமும் போய் வருவோம்.

## 1. கிளம்புவதற்கு முன்

பத்து மடங்கு கை லென்ஸ் ஒன்று வேண்டும். இருபது மடங்கு கிடைத்தால் இன்னும் நல்லது. புது சவர பிளேடு, மெல்லிய பூச்சி ஊசி இரண்டு, பூஜ்யம் எண் பிரஷ், காகித உறைகள், மூடி இறுக்கமான சிறு குப்பிகள், பென்சில். வீட்டில் அகன்ற மண்சட்டி, சலித்து வறுத்து ஆறவைத்த மணல், வெள்ளை மல் துணி. பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதி, வரை போக வேண்டுமென்றால் நானூறு மடங்கு காட்டும் மைக்ரோஸ்கோப் கட்டாயம். அது இல்லாதவர்கள் ஏதாவது கல்லூரி விலங்கியல் துறையில் நட்பு பிடித்துக்கொள்ளுங்கள்.

பதப்படுத்த 70 சதவீத எத்தனால். தனி ஆளுக்கு அது சுலபமாகக் கிடைக்காது, ஆய்வகம் வழியாக வாங்குவதே முறை. கிடைக்கும் வரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலை அதே 70 சதவீதத்துக்கு நீர்த்துப் பயன்படுத்தலாம், உடலமைப்பு பார்க்க அது போதும். கை கழுவும் சானிடைசரில் போடாதீர்கள். அதில் உள்ள பசை ஈயின் ரோமத்தில் ஒட்டிக்கொண்டால் அப்புறம் போகாது.

பென்சிலை ஏன் தனியாகச் சொல்கிறேன் என்றால், பால்பாயின்ட் மை ஆல்கஹாலில் கரையும். நான் ஆரம்பித்த வருடம் ஒரு பருவம் முழுக்கச் சேர்த்த குப்பிகளில் மிஞ்சியது இளநீல ஆல்கஹாலும் வெற்றுச் சீட்டும்தான். சீட்டைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்கு உள்ளே போடுங்கள். வெளியே ஒட்டுகிற சீட்டு மதுரை வெயிலுக்கு ஒரே கோடையில் உரிந்து விழும்.

கடைசி ஏற்பாடு, எண். மா-1, மா-2 என்று ஒவ்வொரு வகை முடிச்சுக்கும் ஓர் எண். அந்த முடிச்சிலிருந்து வரும் புழு, கூட்டுப்புழு, ஈ, குளவி, காலி முடிச்சு எல்லாவற்றுக்கும் அதே எண்தான் தொடர வேண்டும். இந்த வேலையின் முதுகெலும்பு இதுதான். ஈ எவ்வளவு அழகாகப் பதப்படுத்தப்பட்டிருந்தாலும், எந்த முடிச்சிலிருந்து வந்தது என்று தெரியாவிட்டால் அது வெறும் ஈ.

## 2. முதலில் மரத்தின் பெயர்

பூச்சிக்கு முன்னால் மரம். முடிச்சு ஈக்களில் பெரும்பாலானவை ஒரே செடியை, மிஞ்சிப் போனால் அதன் நெருங்கிய உறவுகளை மட்டும் நம்பி வாழ்பவை. உலகம் முழுக்கப் பெயரிடப்பட்ட இனங்கள் 6,600-க்கும் மேல். செடியின் பெயர் சரியாகத் தெரிந்தால் அந்த ஆயிரங்கள் சில பத்தாகவோ ஒற்றை இலக்கமாகவோ சுருங்கிவிடும்.

மாமரத்தில் யாரும் தவறுவதில்லை. தவறுவது இச்சி, அத்தி, மஞ்சணத்தி போன்றவற்றில்தான். "ஏதோ காட்டு மரம்" என்று எழுதிய உறைகள் என்னிடம் இன்னமும் இருக்கின்றன, ஒன்றுக்கும் உதவாது. பூவோ காயோ இருக்கும் கொப்பு ஒன்றைச் செய்தித்தாளில் வைத்து அழுத்திக் காயவைத்துவிடுங்கள். பெயர் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

மாவில் ரகத்தையும் எழுதுங்கள். கல்லாமையா செந்தூரமா என்று தோப்புக்காரருக்குத் தெரியும்.

விதிக்கு விலக்கும் உண்டு. மல்லி மொட்டைச் சிவக்க வைக்கும் கான்டரினியா மேக்குலிபென்னிஸ் ஈ, செம்பருத்தி, ஆர்க்கிட், தக்காளி, பாகல் என்று உறவே இல்லாத குடும்பங்களிலும் வாழும். உசிலம்பட்டிப் பக்கம் மல்லித் தோட்டத்தில் எடுத்த ஈயை "மல்லி இனம், அதனால் புது இனம்" என்று முடிவு கட்டிய மாணவரைப் பார்த்திருக்கிறேன்.

## 3. எந்த உறுப்பு, என்ன வடிவம்

இலையா, இலைக்காம்பா, தண்டா, மொட்டா, பூவா, காயா? அடுத்து, மேல்பக்கமா அடிப்பக்கமா, இரண்டு பக்கமும் புடைத்திருக்கிறதா? நரம்பின் மேலா, நரம்புகளுக்கு நடுவிலா? ரோமம் உண்டா? அறை ஒன்றா, பலவா? குறுக்களவு எத்தனை மில்லிமீட்டர்?

இதை முன்கூட்டியே எழுதக் காரணம், முடிச்சின் வடிவத்தைத் தீர்மானிப்பது மரத்தைவிட அதிகமாகப் புழுதான். ஒரே மரத்தில் இரண்டு இனம் இருந்தால் இரண்டு வடிவம் வரும். வடிவத்தைப் பார்ப்பது ஈயின் கையெழுத்தைப் பார்ப்பது போல.

மாவில் இது நன்றாகத் தெரியும். புரோகான்டரினியா மேட்டியானா என்ற ஈ உண்டாக்கும் முடிச்சு பரு மாதிரி, இலையின் இரண்டு பக்கமும் தெரியும். அதே இலையில் வேறு உருவத்தில், முள் முள்ளாகவோ உருண்டையாகவோ இன்னொன்று இருக்கலாம். புதிதாக வருபவர்கள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டுவிடுகிறார்கள். ஒரே இலையாக இருந்தாலும் கத்தரித்துப் பிரித்துவிடுங்கள். இரண்டு வடிவம் என்றால் இரண்டு உறை, இரண்டு எண்.

ஃபோட்டோ எடுங்கள், கூடவே கையால் படமும் வரையுங்கள். வரையும்போது கண் கவனிப்பதை ஃபோன் கவனிக்காது.

## 4. பறிக்கும் நேரம்

தளிர் செம்பு நிறத்தில் தொங்கும்போது உள்ளே முட்டையோ கண்ணுக்கே தெரியாத புழுவோதான் இருக்கும். இலை முற்றிக் கரும்பச்சை ஆனபின் பெரும்பாலும் வீடு காலி. இரண்டுக்கும் நடுவில் உள்ள நாட்கள்தான் நமக்கு வேண்டும். அந்த நாட்களை ஊகிக்க முடியாது. ஒரு கொப்பில் நூல் கட்டி, வாரம் ஒருமுறை போய் அதே கொப்பில் நாலு முடிச்சை அறுத்துப் பாருங்கள்.

காலி வீட்டை அறிவது சுலபம். முடிச்சில் குண்டூசி முனை அளவு ஓட்டை இருக்கும். சில சமயம் அந்த ஓட்டையில் ஈ கழற்றிப் போட்ட வெள்ளைச் சட்டை பாதி நீட்டிக்கொண்டு நிற்கும். அந்தச் சட்டை கிடைத்தால் விடாதீர்கள், எட்டாவது, பத்தாவது படிகளில் வேலைக்கு வரும்.

நத்தம் சாலைத் தோப்பு ஒன்றில் காவலுக்கு இருந்த அம்மா, "ஏம்மா, நல்ல இலை அத்தனை இருக்க சொத்தை இலையா பார்த்துப் பறிக்கிறே?" என்றார். விளக்கினேன். அடுத்த வாரம் போனபோது எனக்காக ஒரு முறம் நிறையப் பறித்து வெயிலில் காயவைத்திருந்தார். அன்பான காரியம், ஆனால் புழு அத்தனையும் செத்துப்போயிருந்தது. தோப்புக்காரர்களிடம் அனுமதி கேட்கும்போதே "பறிக்க வேண்டாம், காட்டினால் போதும்" என்று சொல்லிவிடுங்கள். அழகர்மலைக் காப்புக்காட்டுக்குள் போவதானால் வனத்துறை அனுமதி இல்லாமல் ஓர் இலையும் கூடாது.

பிளாஸ்டிக் பையில் கொண்டுவராதீர்கள். வண்டியில் ஒரு மணி நேரத்தில் வியர்த்து, மறுநாள் பூஞ்சணம் பிடிக்கும். காகித உறையில் போட்டு, ஈரத்துணி விரித்த டப்பாவுக்குள் வையுங்கள்.

## 5. அறுத்துப் பார்த்தல்: இது ஈயின் வீடுதானா?

அவசரப்பட்டுத் தாண்டக் கூடாத படி இது. முடிச்சு என்றாலே முடிச்சு ஈ என்று நினைப்பதுதான் இங்கே வரும் முதல் தவறு. மதுரையைச் சுற்றி நாம் பார்க்கும் முடிச்சுகளில் பாதிக்கு மேல் வேறு ஆட்கள் கட்டியவை என்பது என் அனுபவம்.

பிளேடை முடிச்சின் நடுவில் வைக்காமல் ஓரத்திலிருந்து சீவிக்கொண்டே வாருங்கள். நடுவில் வெட்டினால் புழு இரண்டாகும். அறை திறந்ததும் கை லென்ஸில் பாருங்கள்.

கால் இல்லை, தெளிவான தலை இல்லை, ஆரஞ்சு, மஞ்சள் அல்லது வெள்ளையில் சாறு நிறைந்த பை மாதிரி ஒன்று கிடக்கிறது, அறை துப்புரவாக இருக்கிறது என்றால் முடிச்சு ஈயாக இருக்க நிறைய வாய்ப்பு. முடிச்சு ஈப் புழு கடித்துத் தின்பதில்லை, உறிஞ்சுகிறது. அதனால் அறைக்குள் எச்சக் குப்பை சேராது.

குப்பை இருக்கிறதா? தலையும் காலும் தெரிகிறதா? அப்படியானால் வேறு பூச்சி. வில்லோவில் குழம்பும் இடமும் இதுவே. வில்லோ இலையில் அவரை விதை போலப் புடைப்பது ரம்பக் குளவியின் வேலை. உள்ளே இருக்கும் புழுவுக்குத் தலையும் கால்களும் உண்டு, அறையில் எச்சம் கிடக்கும். கொழுந்து நுனியில் ரோஜாப்பூ போல இலைகள் அடுக்கி நிற்பதோ ராப்டோஃபேகா என்ற முடிச்சு ஈயின் வேலை. அடுக்கைப் பிரித்தால் நடுவில் ஒற்றைப் புழு சுத்தமாக உட்கார்ந்திருக்கும்.

நம் ஊர் ஆட்களைச் சொல்கிறேன். புங்க இலையில் வரும் கொப்புளம் சிலந்திப்பேன் வகை. அதை உண்டாக்குவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு நீளமுள்ள, நான்கு கால்கள் மட்டுமே கொண்ட பேன். நீர்மருது இலையில் இருப்பது சாறு உறிஞ்சும் தாவரப்பேன், இளம்பூச்சிக்குக் காலும் இறக்கை மொட்டும் தெரியும். இச்சி, அலங்கார அத்தி வகைகளில் இலை மடிந்து உள்ளே கருப்பாக ஓடினால் இலைப்பேன். தைல மரத்தின் நடுநரம்பிலும் காம்பிலும், கல்யாண முருங்கையின் இலையிலும் வரும் வீக்கம் குளவியுடையது. இந்த இரண்டு குளவிகளும் 2000-க்குப் பிறகு தென்னிந்தியாவில் பரவியவை.

ஒரு பொறியைத் தனியாகச் சொல்ல வேண்டும். புங்கக் கொப்புளத்தைத் திறந்தபோது உள்ளே ஆரஞ்சு நிறப் புழு ஒன்று நெளிந்தது. கால் இல்லை, தலை இல்லை. கூட இருந்த பையன் "கிடைச்சிருச்சு!" என்று குதித்தான். வளர்த்தோம், ஈயும் வந்தது, செசிடோமையிடேதான். ஆனால் வீட்டுக்காரர் அது இல்லை. பேன்களைத் தின்ன வந்த விருந்தாளி! இந்தக் குடும்பத்தில் எல்லாரும் முடிச்சுக் கட்டுவதில்லை. பேனையும் அசுவினியையும் மாவுப்பூச்சியையும் வேட்டையாடுபவை உண்டு, பூஞ்சை தின்பவை உண்டு, அடுத்தவர் முடிச்சில் ஒட்டுக்குடித்தனம் நடத்துபவையும் உண்டு.

ஆகவே ஒரு முடிச்சில் முடிவு செய்யாதீர்கள். ஒரே வகையில் குறைந்தது இருபது முடிச்சை அறுத்து, எத்தனையில் அந்தப் புழு இருந்தது, கூட வேறு என்ன இருந்தது என்று எழுதுங்கள். காலியாக இல்லாத முடிச்சு அநேகமாக எல்லாவற்றிலும் அதே புழு இருந்தால் அதுவே கட்டியவர். இருபதில் இரண்டில் மட்டும் இருந்தால் சந்தேகப்படுங்கள்.

## 6. புழுவைப் படிப்பது

புழுவுக்கு மூன்று பருவம். மூன்றாவது பருவப் புழுதான் அடையாளத்துக்கு ஆகும். அதன் மார்பின் அடியில், தோலுக்குள் பழுப்பாக ஒரு சிறு தகடு தெரியும், சிலவற்றில் கவட்டை மாதிரி முனை பிளந்திருக்கும். மார்புக் கரண்டி என்று நாங்கள் சொல்வோம். வேறெந்தக் குடும்பத்துப் புழுவுக்கும் இது கிடையாது. தெரிந்தால் குடும்பம் உறுதி. தெரியாவிட்டால் உடனே இல்லை என்று சொல்லிவிட வேண்டாம். புழு இளசாக இருக்கலாம், முடிச்சுக்குள்ளேயே கூடு கட்டும் சில இனங்களில் அந்தத் தகடு தேய்ந்தும் போயிருக்கும்.

நிறத்தை உயிரோடு இருக்கும்போதே எழுதிவிடுங்கள். ஆல்கஹாலில் ஆரஞ்சும் வெள்ளை, மஞ்சளும் வெள்ளை. ஓர் அறையில் ஒரு புழுவா, கூட்டமா? தொட்டால் வில்லாக வளைந்து துள்ளுகிறதா? மல்லி மொட்டுப் புழு துள்ளும்.

புழுவை நேராக ஆல்கஹாலில் போட்டால் சுருங்கிக் கறுக்கும். கொதித்து இறக்கிய வெந்நீரில் ஒரு நிமிடம் விட்டால் நீண்டு விறைக்கும், அதன்பின் ஆல்கஹால். ஐந்து புழுவாவது இப்படி எடுத்துவைத்துவிட்டுத்தான் வளர்ப்புக்குப் போக வேண்டும். எல்லாவற்றையும் வளர்க்க விட்டு எல்லாம் செத்தால் கையில் ஒன்றும் மிஞ்சாது.

## 7. ஈயை வெளியே வரவைப்பது

இரண்டு வழி உண்டு. எது என்று தெரியாமல் தொடங்கினால் நிச்சயம் தோற்கும்.

சில இனங்கள் முடிச்சுக்குள்ளேயே கூட்டுப்புழு ஆகும். முடிச்சை அறுத்தபோது கூட்டுப்புழு கிடைத்தால் இந்த வகை. இலையைக் காம்போடு ஈரப் பஞ்சில் செருகி, வாய்க்கு மல் துணி கட்டிய டப்பாவில் வைத்தால் போதும்.

மற்றவை முற்றிய புழுவாக வெளியேறி மண்ணுக்குள் போகும். மல்லி மொட்டு ஈ இப்படித்தான். இதற்கு மண்சட்டியில் இரண்டு விரல்கடை மணல் பரப்பி, பிடித்தால் கட்டியாக நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது என்ற பதத்துக்கு நனைத்து, மேலே மொட்டையோ இலையையோ பரப்பி, துணியால் கட்டுங்கள். மணலை முன்பே வறுக்கச் சொன்னது, அதில் ஏற்கெனவே இருக்கும் வேறு பூச்சி நம் கணக்கில் கலந்துவிடக் கூடாது என்பதற்காக.

எந்த வழி என்று தெரியாதபோது முடிச்சுகளைப் பாதியாகப் பிரித்து இரண்டும் செய்யுங்கள்.

இங்கே பெரிய எதிரி எறும்பு. சட்டியைத் தண்ணீர்த் தட்டின் நடுவில் வையுங்கள். அடுத்தது மின்விசிறி. அது ஓடும் அறையில் மணல் ஒரே நாளில் காய்ந்துவிடும். மண்சட்டியின் வெளிப்பக்கம் ஈரச் சாக்கு சுற்றுவது சித்திரை வெயிலுக்கும் தாங்குகிறது.

தினமும் காலையிலும் விளக்கு வைக்கும் நேரத்திலும் பாருங்கள். வளர்ந்த ஈக்கு ஆயுள் ஓரிரண்டு நாள். இரண்டு நாள் ஊருக்குப் போய்வந்தால் துணியில் ஒட்டிய தூசுதான் கிடைக்கும். வெளிவந்ததும் கொல்லாமல் சில மணி நேரம் விடுங்கள், இறக்கையும் உணர்கொம்பும் இறுகட்டும். பிடிக்கும்போது இடுக்கி வேண்டாம். ஆல்கஹாலில் நனைத்த பிரஷ் நுனியால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும்.

## 8. வந்தது வீட்டுக்காரரா, கொள்ளைக்காரரா?

ஒரு கல்லூரிக் கண்காட்சியில் "மா முடிச்சு ஈ" என்று பலகை வைத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் மினுமினுக்கும் பச்சைப் பூச்சி ஒன்றைக் குத்தி வைத்திருந்தார்கள். அழகாக இருந்தது. அது ஒட்டுண்ணிக் குளவி.

முடிச்சு ஈப் புழுவைத் தின்று வளரும் குளவிகள் ஏராளம். நெல் ஆனைக்கொம்பன் ஈக்குப் பிளாட்டிகாஸ்டர் ஒரைசே என்ற குளவி இருப்பது வயல்காரர்களுக்கே தெரியும். முற்றிய முடிச்சைக் கொண்டுவந்து வளர்த்தால் ஈயைவிடக் குளவிதான் அதிகம் வரும்.

பிரிப்பது எளிது. ஈக்கு இறக்கை இரண்டு, அதன் பின்னால் குண்டூசி போன்ற இரண்டு சமநிலைக் குமிழ். குளவிக்கு இறக்கை நான்கு. ஈயின் கால்கள் சிலந்திக் கால் மாதிரி நீளம், உணர்கொம்பு மணி கோத்த மாதிரி, இறக்கையில் நரம்பு மூன்று நான்குக்கு மேல் தெரியாது. குளவியின் உணர்கொம்பு முழங்கை போல மடங்கியிருக்கும், பல குளவிகள் உலோகம் போல மின்னும்.

நாலாவது படியில் சொன்ன வெள்ளைச் சட்டை இங்கே சாட்சி. முடிச்சு ஓட்டையில் சட்டை நீட்டிக்கொண்டிருந்தால் வெளியே போனது ஈ. முடிச்சுக்குள்ளேயே கூட்டுப்புழு ஆகும் இனத்தில், சட்டை இல்லாமல் வட்டமான சுத்தமான ஓட்டை மட்டும் என்றால் கடித்துக்கொண்டு வந்த குளவியாக இருக்கும். குளவியையும் எறியாதீர்கள். தனிக் குப்பி, அதே எண்.

## 9. ஸ்லைடு தயாரித்தல்

ஆண், பெண் இரண்டும் வேண்டும். பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பேரினத்துக்குப் போக முயல்வது ஒற்றைக் காலில் நடப்பது போல.

ஒரு இறக்கையை முதலில் கழற்றி அப்படியே தனியாகப் பதியுங்கள். மீதி உடலைப் பத்து சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் இரவு முழுக்க ஊறவையுங்கள். சதை கரைந்து தோல் மட்டும் கண்ணாடி போல நிற்கும். அவசரத்துக்குச் சூடாக்கலாம், சில நிமிடம் போதும். அதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள், டீ குடித்துவிட்டு வருவதற்குள் உணர்கொம்பு கழன்று மிதக்கும். நான் இரவு முறையோடு நிறுத்திக்கொண்டேன். இந்தக் கரைசல் தோலையும் கண்ணையும் பொசுக்கும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

அப்புறம் தண்ணீர், 70, 90, முழு ஆல்கஹால், கிராம்புத் தைலம் என்ற வரிசையில் ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து நிமிடம். வரிசையைத் தாண்டினால் மிஞ்சிய தண்ணீர், கடைசியில் ஒட்டப் பயன்படும் பால்சம் என்ற பிசினில் வெண்புகையாகப் படியும். கடைசியில் கனடா பால்சம். தலை, மார்பு, வயிற்று நுனி மூன்றையும் பிரித்து ஒரே ஸ்லைடில் தனித்தனிக் கவர் சிலிப்பின் கீழ் வையுங்கள். முழு ஈயை ஒரே கண்ணாடியின் கீழ் நசுக்கினால் கால் எது, உணர்கொம்பு எது என்று தெரியாது.

## 10. பேரினத்துக்குப் போகும் வழி

இங்கே நான் சொல்வது முழுத் திறவுகோல் அல்ல, நம் பக்கம் அடிக்கடி கிடைப்பவற்றைப் பிரிக்கும் வரிசை.

முதலில் பாதத்தின் முதல் கணுவைப் பாருங்கள். இரண்டாவதைவிட மிகக் குட்டையாக இருக்க வேண்டும். முடிச்சுக் கட்டும் துணைக்குடும்பத்தில் அப்படித்தான் இருக்கும். நீளமாக இருந்தால் பூஞ்சை தின்னும் உறவினர் எங்கிருந்தோ வந்து விழுந்திருக்கிறார்.

அடுத்து இறக்கை. முன் ஓரத்தை ஒட்டிய குட்டை நரம்புக்கு அடுத்து வரும் நீள நரம்பு, ஆர்-5 என்பார்கள். அது இறக்கை நுனியை எட்டுகிறதா, முன்னதாகவே ஓரத்தில் சேர்ந்துவிடுகிறதா? ஓரத்தை ஒட்டியே ஓடி நுனிக்கு வெகுமுன் முடிந்தால், உடலிலும் கருஞ்செதில் அப்பியிருந்தால், லாசியோப்டெரா, நியோலாசியோப்டெரா பக்கம் போங்கள். கோவைக்கொடித் தண்டிலும் பாகல் தண்டிலும் வீக்கம் உண்டாக்குபவை இந்தக் கூட்டம். நுனிக்குச் சற்று முன்பு சேர்ந்து, கால் நகத்தில் பல்லும் இருந்தால் டாசிநியூரா. நுனியையோ அதற்கு அப்பாலோ எட்டினால் கான்டரினியா, புரோகான்டரினியா, ஒர்சியோலியா, அஸ்போன்டைலியா என்று நீளும் பட்டியல்.

பிறகு ஆணின் உணர்கொம்பு. ஒவ்வொரு கணுவும் நடுவில் இறுக்கிக் கட்டிய பலூன் போல இரண்டு முண்டாகத் தெரிகிறதா? கான்டரினியா கூட்டம். அந்த முண்டுகளைச் சுற்றி வளையமாக ஓடும் மெல்லிய நூலை எண்ணுங்கள். கான்டரினியாவில் முண்டுக்கு ஒன்று வீதம் கணுவுக்கு இரண்டு, அந்தக் கூட்டத்தின் பிற பேரினங்கள் பலவற்றில் மூன்று. இந்த வேலைக்கு நானூறு மடங்கு வேண்டும், பொறுமையும் வேண்டும். ஃபோகஸ் திருகை மெல்ல மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே எண்ணுங்கள், ஒரே மட்டத்தில் எண்ணினால் பின்பக்க நூலையும் சேர்த்து இரட்டிப்பாக எழுதுவீர்கள்.

கணு ஒரே உருளையாக இருந்து, நூல் நெளிநெளியாகப் பின்னிக் கிடந்தால் அஸ்போன்டைலியா. அதற்கு இன்னும் இரண்டு சாட்சி உண்டு. பெண்ணின் முட்டையிடும் குழல் ஊசி போல விறைத்திருக்கும். கூட்டுப்புழுவின் தலையில் முடிச்சைத் துளைத்து வெளியேற உறுதியான கொம்பு இருக்கும், கழற்றிய சட்டையிலும் அந்தக் கொம்பு அப்படியே நிற்கும். எள் மொட்டைக் காயாக விடாமல் முடிச்சாக்குவது இந்தப் பேரினம்தான். இதன் முடிச்சு அறைக்குள் வெள்ளையாகப் பூஞ்சை பூத்திருந்தால் இலை அழுகிவிட்டது என்று வீசிவிடாதீர்கள். அந்தப் பூஞ்சையும் குடித்தனத்தில் ஓர் அங்கம்.

நெல்லில் இத்தனை பாடு வேண்டாம். சோழவந்தான் பக்கத்து வயலில் வெங்காயத்தாள் மாதிரி நீண்ட வெள்ளிக் குழலும், அதன் நுனியில் கூட்டுச் சட்டையும் கிடைத்தால் ஒர்சியோலியா ஒரைசே, அதாவது ஆனைக்கொம்பன்.

மாவில் மட்டும் எச்சரிக்கை. பழைய எழுத்துகளில் அம்ராடிப்ளோசிஸ், எரோசோமியா என்று வருபவை இப்போது புரோகான்டரினியாவுக்குள் போய்விட்டன. பழைய பெயரை அப்படியே எழுதினால் ஒரே ஈக்கு இரண்டு கணக்கு ஆகிவிடும். ரேமண்ட் கான்யேயும் மத்தியாஸ் யாஷ்ஹாஃபும் தொகுத்த உலக அட்டவணையின் 2021 பதிப்பில் பெயரைச் சரிபார்த்துவிட்டு எழுதுங்கள்.

## 11. பெயர் எழுதுவது

செடி, உறுப்பு, முடிச்சு வடிவம், புழு, ஆண், பெண் ஆறும் ஒரே பக்கம் கை காட்டினால் இனப் பெயர் எழுதலாம். ஒன்று முரண்டு பிடித்தாலும் பேரினத்தோடு நில்லுங்கள். "புரோகான்டரினியா, இனம் 1, மா-3" என்று எழுதுவதில் அவமானம் ஒன்றும் இல்லை. தவறான முழுப் பெயர் அடுத்தவர் பட்டியலிலும் ஏறி உட்கார்ந்துவிடும்.

டிஎன்ஏ பார்க்க நினைத்தால் அதே தொகுதியிலிருந்து சில ஈக்களை 95 சதவீத எத்தனாலில் போட்டுக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். இனங்களைப் பிரித்தறியப் பயன்படும் சிஓஐ மரபணுவின் 658 எழுத்துத் துண்டைத்தான் ஒப்பிடுவார்கள். அதுவும் ஸ்லைடுக்குத் துணை, ஸ்லைடுக்குப் பதில் அல்ல. ஒப்பிட அங்கே ஏற்கெனவே ஒருவர் சரியாகப் பெயர் சொன்ன ஈ இருந்தால்தானே பொருந்தும்? வெளிநாட்டு நிபுணருக்கு மாதிரி அனுப்புவதாக இருந்தால், சென்னையிலுள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பார்த்து அனுமதி வாங்கிக்கொண்டு அனுப்புங்கள்.

சீட்டில் மாவட்டம், ஊர், மரம், உறுப்பு, பறித்த தேதி, ஈ வெளிவந்த தேதி, பறித்தவர் பெயர், எண். தேதி இரண்டும் தனித்தனியாக இருக்க வேண்டும். பலர் ஒன்றை மட்டும் எழுதுகிறார்கள், அது எந்தத் தேதி என்று ஆறு மாதம் கழித்து அவர்களுக்கே தெரிவதில்லை. காலி முடிச்சுள்ள இலையைச் செய்தித்தாளில் அழுத்திக் காயவைத்து, அதே எண்ணோடு, அந்துருண்டை ஒன்று போட்ட டப்பாவில் வையுங்கள். அடைமழைக் காலத்தில் மாதம் ஒருமுறை அந்த டப்பாவைத் திறந்து பாருங்கள். புத்தகப்பேன் முதலில் தின்பது முடிச்சைத்தான்.